இல்லை என்று சொன்ன காய்ச்சல்

அன்று காலை எழும்பும்போதே எனக்குத் தொண்டை நொந்தது. முகம் கழுவக் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றியதும் உடம்பு உதறியது. இரண்டு பனடோல் குளிசையை விழுங்கிவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டேன். வேறு எந்த நாளென்றாலும் படுத்திருப்பேன். அன்றைக்குத்தான் எங்கள் நண்டுக் கொம்பனிக்கு ஊசி போட வருகிறார்கள்.

ஓலைத்தொடுவாயிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் நாற்பது பெண்கள் கொம்பனியின் வான் வண்டியில் அங்கே போய்வந்தோம். அவித்த நண்டை உடைத்து, சின்னக் கத்தியால் சதையை எடுத்து, ஐஸின் மேல் வைக்கிற வேலை. குளிரூட்டின அறை, நெருக்கி நெருக்கிக் கதிரைகள். ஒருத்தி தும்மினால் அடுத்த நாள் அந்த வரிசையே தும்மும். முந்தின மாரியில் புளூக் காய்ச்சல் வந்து பாதிப் பேர் படுத்துவிட்டதால், முதலாளி இந்த முறை டவுனில் ஒரு தனியார் கிளினிக்கோடு கதைத்து எல்லாருக்கும் தடுப்பூசி ஒழுங்கு செய்திருந்தார். நான் அங்கே மேற்பார்வை. பெண்களைச் சம்மதிக்க வைக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது.

அது லேசாக நடக்கவில்லை. கொரோனா ஊசிக்குப் பிறகு ஆளுக்கொரு பயக் கதை வைத்திருந்தார்கள். நான் ஒரு கிழமையாக ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கதைத்தேன். கடைசியில், "முதல் ஊசி எனக்குத்தான். எனக்கு ஒண்டும் நடக்காட்டி நீங்களும் போடுங்கோ" என்று எல்லார் முன்னாலும் பெரிதாகச் சொல்லிவைத்தேன். அந்தப் பேச்சுத்தான் என்னை அன்றைக்குப் படுக்க விடவில்லை.

ஊசி போடக் கிளினிக்கிலிருந்து வந்த நேர்ஸ் ஒரு இளம் பிள்ளை. இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். பெரியமடுவிலே வயல் செய்கிற குடும்பம் என்று பிறகு அறிந்தேன். மருந்து வைத்த குளிர்ப்பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சாப்பாட்டு அறை மேசையைத் துடைத்து, கையைக் கழுவி, ஒரு தாளை எடுத்தாள்.

"அன்ரி, காய்ச்சல், தடிமன், இருமல் ஏதும் இருக்கோ?"

அன்றைக்குப் பாதிப் பேருக்கு, மிச்சப் பேருக்கு அடுத்த கிழமை என்று ஒழுங்கு; எனக்குப் பின்னால் பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"இல்லை" என்றேன்.

"இண்டைக்கு உடம்பு நல்லா இருக்குதோ? இல்லாட்டி அடுத்த கிழமை மற்ற ஆக்களோடை போடலாம். ஒரு அவசரமும் இல்லை."

"நல்லாத்தான் இருக்கிறன் பிள்ளை. நீங்கள் போடுங்கோ."

அவள் தாளில் அடையாளம் போட்டாள். ஊசி போட்டது தெரியவே இல்லை, அவ்வளவு மெல்லக் குத்தினாள். நான் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். பத்தொன்பது பேரும் போட்டார்கள்.

பின்னேரம் வானை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கவே முடியவில்லை. நாலு நாள் எரிந்த காய்ச்சல். எலும்பெல்லாம் உளைவு. மனுசன் கடலுக்குப் போகாமல் பக்கத்தில் இருந்து கொத்தமல்லி அவித்துத் தந்தார். கொம்பனிப் பெண்கள் பார்க்க வந்தார்கள். அவர் வாசலிலேயே அவர்களை மறித்து, "காலமை நல்லாப் போன மனுசி. அந்த ஊசியாலதான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அப்போது ஒரு சொல் போதும். "இல்லை, எனக்கு முதலே இருந்தது." சொல்லியிருந்தால் அவர் ஏசியிருப்பார், பெண்கள் சிரித்திருப்பார்கள், இரண்டு நாளில் மறந்திருப்பார்கள்.

நான் சொல்லவில்லை. எழும்பி உட்கார்ந்த பிறகு, ஒருத்தி கேட்டபோது நானே "ஓம், ஊசியாலதான்" என்றேன். பொய்க்காரியாக நிற்பதைவிட நோயாளியாகக் கிடப்பது சுகமாக இருந்தது.

நாலாம் நாள் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். முதலாளி கிளினிக்குக்கு அறிவித்திருக்கிறார். மனுசன் அவளுக்குக் கதிரை கூடக் கொடுக்கவில்லை. அவள் நின்றபடியே என் நாடியைப் பார்த்து, வெப்பம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அன்ரி, கோவியாதேங்கோ. இந்த ஊசியால புளூ வராது. கை நோகும், ஒரு நாள் உடம்பு சாதுவாக் காயும், அவ்வளவுதான். அண்டைக்குக் காலமையே உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது செய்ததோ?"

மனுசன் கதவில் சாய்ந்து நின்று என்னையே பார்த்தார்.

"ஒண்டும் செய்யேல்லை" என்றேன்.

அவள் வெப்பமானியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "தண்ணி நிறையக் குடியுங்கோ அன்ரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமை மிச்ச இருபது பேரில் மூன்று பேர்தான் ஊசி போட்டார்கள். போடாதவர்களில் என் சிநேகிதியும் ஒருத்தி. நாங்கள் இரண்டு பேரும் சின்னனில் ஒரே நாளில் கோவிலில் புதுநன்மை எடுத்தவர்கள், ஒரே வருடம் கலியாணம் கட்டினவர்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம், குளிரென்றால் மூச்சு இழுக்கும். எல்லாரையும்விட அவளுக்குத்தான் அந்த ஊசி வேண்டும் என்று முதலில் அவளிடம்தான் போய்ச் சொல்லியிருந்தேன். இரண்டாம் முறை ஊசி போட வந்த அன்றைக்கு அவள் என்னைப் பார்த்து, "உனக்கே இப்பிடியெண்டால் என்ரை நெஞ்சு தாங்காதடி" என்றாள். அப்போதும் எனக்கு ஒரு இடம் இருந்தது சொல்ல. "சரி, உன்ரை விருப்பம்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வாடைக்காற்றோடு காய்ச்சல் ஊருக்குள் வந்தது. ஊசி போட்டவர்களிலும் சிலர் படுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் எழும்பினார்கள். என் சிநேகிதி மூன்றாம் நாள் மூச்சு விடமுடியாமல் ஆசுப்பத்திரிக்குப் போனாள். நியூமோனியா. பதினேழு நாள் வாட்டில், அதில் ஆறு நாள் ஒட்சிசனோடு. நான் பார்க்கப் போனபோது அவள் கதைக்க ஏலாமல் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தாள். டொக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன், ஊசி போட்டிருந்தால் வந்திருக்காதோ என்று. "அப்பிடிச் சொல்லேலாது. வந்திருக்கலாம். ஆனா இவ்வளவு கடுமையா வராமல் இருந்திருக்கும்" என்றார்.

அவள் பிழைத்தாள். ஆனால் அந்தக் குளிர் அறைக்குள் இனி வேலை செய்யமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். கோவிலுக்கு நடந்து வருவதென்றாலும் நடுவில் இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருக்கிறது அவளுக்கு.

தவக்காலத்தில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபித்தது, பூசை தவறவிட்டது, புறணி கதைத்தது எல்லாம் சொன்னேன். இதை மட்டும் விட்டுவிட்டு எழும்பி வந்தேன். அன்றைக்கு நன்மை எடுக்க வரிசையில் போகக் கால் வரவில்லை. பெரிய வெள்ளிக்கு முதல் நாள், மனுசனிடம் முதலில் சொன்னேன். அவர் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர், நிமிரவில்லை. "நான் அந்தப் பிள்ளையை நிக்கவைச்சுத்தானே அனுப்பினனான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அவள் யன்னலோடு இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுளகை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு வானுக்குள்ளை உன்னோடைதானே ஒட்டிக்கொண்டு இருந்தனான். உன்ரை உடம்பு காஞ்சது எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சும் பிறகு ஏனடி நீ போடேல்லை?"

"நீ ஊசியாலதான் எண்டாய். நான் நினைச்சன், எனக்குத்தான் பிழையாப் பட்டிருக்கு எண்டு."

இதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம். அவள் திரும்பவும் சுளகை எடுத்தாள். நாங்கள் இப்போதும் கதைக்கிறோம், ஒன்றாகக் கோவிலுக்குப் போகிறோம். ஆனால் நான் ஏதாவது சொன்னால், "உண்மையாத்தானோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறாள். முன்பு அப்படிக் கேட்கமாட்டாள்.

மிச்சம் அந்தப் பிள்ளை. கிளினிக்கில் விசாரித்தேன். அவள் அங்கே இல்லை, விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றார்கள். ஆளுக்காள் கேட்டு, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் பெரியமடுவுக்குப் போனேன். தாய் முற்றத்தில் நெல் காயப்போட்டு, மாட்டைக் கலைத்துக்கொண்டு நின்றார். மகளைத் தெரிந்த ஆள் என்று சொன்னதும் உள்ளே கூட்டிப்போய்க் கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மகள் இப்போது வவுனியாவில் ஒரு ஆசுப்பத்திரியில் வேலை என்றார். "இருங்கோ, எடுத்துத் தாறன், கதையுங்கோ" என்று போனை அழுத்தி என் கையில் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

தாயின் முன்னால்தான் சொல்லவேண்டி வந்தது. யார் என்று சொன்னேன். அன்றைக்குக் காலையிலேயே எனக்குக் காய்ச்சல் இருந்தது, நான் உங்களுக்குப் பொய் சொன்னேன் என்றேன். மறுபக்கத்தில் வாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதோ பிள்ளை?"

"கேக்குது அன்ரி." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு இப்ப சுகம்தானே?" என்றாள்.

"ஓம்."

"சரி அன்ரி. நான் டியூட்டியில நிக்கிறன். வைக்கிறன்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். தாய் அதை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டிருந்தது.

"உங்கட காய்ச்சலோடை அந்த வேலையை விட்டிட்டு ஒரு மாசம் இஞ்ச வந்து படுத்துக் கிடந்தவள்" என்றார். "பெட்டிக்குள்ள ஐஸ் போதாமல் மருந்து பழுதாப் போச்சோ, நான்தான் ஏதும் பிழை விட்டனோ எண்டு கேட்டுக் கேட்டு அழுதவள். எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? பிழை விட்டிருக்கமாட்டாய் எண்டு மட்டும்தான் நான் சொன்னனான்."

மன்னியுங்கோ என்று சொன்னேன். அவர் அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார். "பஸ் மூண்டரைக்கு வரும். விட்டால் பிறகு இல்லை."

குடித்துவிட்டு எழும்பினேன். அவர் படலை வரைக்கும் வந்தார். நெல்லில் வாய் வைத்த மாட்டைக் கலைக்கத் திரும்பிப் போய்விட்டார்.