மயில் விழாத அச்சு

என் கணவர் தச்சர். ஆனாலும் எங்கள் வீட்டு முன்னறையில் பல் குடையும் இயந்திரம் ஒன்று நின்றது. டவுனில் ஒரு சீனப் பல் டாக்டர் மின்சார இயந்திரத்துக்கு மாறியபோது, காலால் மிதிக்கும் பழையதை ஒதுக்கிவிட்டார். அவருக்கு மருந்து அலமாரி செய்யப் போன என் கணவர் அதைக் கேட்டு வாங்கி, பேச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றிக் காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பேச்சாக்காரர் வழியெல்லாம் யாருக்குப் பல்வலி என்று கேட்டுக்கொண்டே வந்தாராம்.

அதன் முனையில் மாட்டும் ஊசிகள்தான் அவரை மயக்கியவை. ஒன்றின் தலை கடுகளவு, இன்னொன்று அதிலும் பாதி. உளி நுழையாத இடத்தில் இவை சுழன்றுகொண்டே நுழையும். மிதித்துக்கொண்டே செதுக்கினால் அவருக்குக் கை ஆடியது. அதனால் மிதிப்பது என் வேலையானது. வேகம் குறைந்தால் ஊசி மரத்தில் சிக்கும், கூடினால் மரம் கருகும். மகளுக்கு அப்போது எட்டு மாதம். மரத்தூள் அவள் நெஞ்சில் இறங்கிவிடுமோ என்று தொட்டிலைப் பின்னறையில் கட்டி, நடுவே ஈரத்துணி தொங்கவிட்டிருந்தேன். பிறகு ஈரக்காற்றில் சளி பிடித்துவிடுமோ என்று துணியைக் கழற்றுவேன். ஒரே மாலையில் மூன்று தரம் கட்டிக் கழற்றியதும் உண்டு.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருடம் அது. பகலெல்லாம் பட்டறையில் அந்த விழாவின் அலங்கார வளைவுகளுக்குச் சட்டம் அடித்துவிட்டு வந்து, மாலையில் இந்தச் சின்ன வேலையில் உட்காருவார். அப்போது கையில் இருந்தது ஒரு குவே அச்சு. நாலு வீடு தள்ளி இருந்த செட்டி வீட்டு அக்கா கேட்டிருந்தார்; தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. அவர் மகளுக்குக் கல்யாணம். மரவள்ளி மாவும் தேங்காய்ப் பாலும் பிசைந்து, அச்சில் அழுத்தி, தட்டிக் கவிழ்த்துச் சுடுகிற பலகாரம்தான் குவே. பலாப் பலகையில் நான்கு குழிகள்: மீன், மாவிலை, வண்ணத்துப்பூச்சி, மயில். முதல் மூன்றும் இயந்திரம் வருமுன் உளியால் செதுக்கியவை. மயில் மட்டும் முழுக்க ஊசி வேலை. தோகையின் ஒவ்வொரு இறகிலும் நரம்பு தெரிந்தது. முடித்த அன்று அதைத் தூக்கத்திலிருந்த மகளிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டில் சுடுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மதியம், குழந்தை தூங்கிய நேரத்தில், மாவு பிசைந்து அச்சில் அழுத்தி, கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். மீன் விழுந்தது. மாவிலையும் வண்ணத்துப்பூச்சியும் விழுந்தன. மயில் விழவில்லை. உடம்பு மட்டும் பிய்ந்து வந்தது, தலையும் தோகையும் உள்ளேயே இருந்தன. நான்தான் தண்ணீரைக் கூட்டிவிட்டேன் என்று மறுபடி பிசைந்தேன். பிறகு மாவைச் சரியாக வறுக்கவில்லையோ என்று வறுத்து மூன்றாம் தரம் பிசைந்தேன். மூன்று தரமும் அதேதான்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்துவிட்டார். மயிலை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார், தோகையை விரலால் தடவினார். நல்லபடியாக விழுகிறதா என்று மலாயில் கேட்டார். விழுகிறது என்று சொல்லிவிட்டேன். என் கணவர் வேலையை அவர் இல்லாதபோது குறை சொல்ல வாய் வரவில்லை. இப்போதே கொண்டுபோகட்டுமா என்று கேட்டதற்கு, இன்னும் எண்ணெய் பூச வேண்டும் என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். அக்கா போன பிறகுதான் உறைத்தது. நாளைக் காலை அத்தனை உறவுப் பெண்களுக்கு நடுவே அக்கா மயிலைத் தட்டுவார், தலையில்லாத மயில்கள் விழும். இவரிடம் இனி யாரும் அச்சு கேட்க மாட்டார்கள்.

ஐந்து மணிக்கு என் கணவர் வந்தார். கோப்பி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு மாவையும் அச்சையும் அவர் முன்னால் வைத்தேன். அழுத்தினார், தட்டினார். வரவில்லை.

"மாவு பெசையத் தெரியலலா ஒனக்கு."

"மூணு தரம் பெசைஞ்சிட்டேங்க. மீனெல்லாம் விழுது."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். அவர் குண்டூசியை எடுத்து இறகுக் கோடு ஒன்றைக் கிளறினார். ஊசிமுனை பக்கவாட்டில், மேல்விளிம்புக்கு அடியில் நுழைந்து மறைந்தது. கோடு மேலே குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருந்தது. உருண்டைத் தலை ஊசி உள்ளே போய்ச் சுழன்று பானை மாதிரி குடைந்திருக்கிறது.

குண்டூசியைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"பல்லு டாக்டருக்கு இது சரிதாம்மா. அடைச்சது வெளிய வரக்கூடாதுன்னுதான் அவுரு குடையறாரு. நானும் மயில அடைச்சு வச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா வந்ததையும் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"எனக்காகவா சொன்ன?" என்றார். தலையாட்டினேன். "அடுத்த தரம் எனக்காக உள்ளத சொல்லு."

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மிதித்தேன். கூம்புத் தலை ஊசியை மாட்டி ஒவ்வொரு விளிம்பையும் சாய்வாகத் திறந்தார். பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்தன. நரம்புகள் எல்லாம் போயின. இருபதுக்கு மேல் இருந்த இறகுகளில் ஒன்பது மிஞ்சின. ஒவ்வொன்றாகப் போகும்போது, நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. விளக்கு ஏற்றும் நேரத்தில் மாவை அழுத்தித் தட்டினேன். மயில் முழுசாக என் உள்ளங்கையில் விழுந்தது. முதலில் செதுக்கிய மயிலைவிடக் கொஞ்சம் பருமன். கோழி மாதிரி இருக்கிறது என்று அவரே சொன்னார்.

காலையில் அக்கா வந்ததும் இறகு குறைந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். நேற்று நான் சொன்னது பொய், மயில் விழவில்லை, என்றேன். அக்கா என் கையிலிருந்த மாவைக் கிள்ளி அழுத்தினார், தட்டினார், விழுந்ததைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, கல்யாண வீட்டில் மயிலைத் தின்னத்தான் போகிறார்கள், இறகை எண்ணப் போவதில்லை என்று மலாயில் சொல்லி, அச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் அவர் அச்சு பாதியில் இருக்கும்போதே முன்னறையிலிருந்து மாவு கேட்கிறார். நானும் மறைப்பதில்லை. ஆனால் விழவில்லை என்றால் உடனே சொல்லிவிடவும் முடிவதில்லை. கொஞ்சம் மாவு தூவி, இன்னொரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.