ராணுவத் தூளியில் ஒரு வேண்டுதல்

பின்னாளில் அரசாங்கமே வண்டலூர்க் காட்டில் புலிகளைக் கொண்டுவந்து வைத்தது. வேலி போட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு காட்டினார்கள். நான் அதே காட்டில் புலியிடம் மாட்டிக்கொண்டு அலறியது அதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால், நாலாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில். காலத்தை முந்திக்கொண்டு பயந்தவன் என்கிற பெருமை எனக்கு உண்டு. வேறு எதிலும் நான் முந்தியதில்லை.

அறுபதுகளின் கடைசி. எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில். அம்மாவின் தம்பியான என் மாமா மாதா கோயில் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்காகக் குருமடத்திலிருந்து வந்திருந்தார். திங்கட்கிழமை திரும்பிப் போக வேண்டும். இந்தத் தடவை போனால் அங்கி கொடுத்துவிடுவார்கள். அங்கி போட்டவர்கள் பொதுவாகத் திரும்பி வருவதில்லை. வந்தால் ஊர் சும்மா விடுவதில்லை.

மாமா சாமியாருக்குப் போனது அம்மாவின் வேண்டுதலால். அந்தக் கதை எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு மாதிரி, வாராவாரம் உண்டு. மாமா சின்னப் பிள்ளையாக இருந்தபோது விஷக்காய்ச்சல் வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். தாயில்லாத பிள்ளை. அம்மாவே அப்போது பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள்தான். மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, தம்பி பிழைத்தால் உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். விடிந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா கதையில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விடுவார். சுத்தபத்தமான மனுஷர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மாமா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு பச்சை நிறத் துணி மூட்டையோடு வந்தார். பர்மா காட்டில் சிப்பாய்கள் படுத்துத் தூங்கியதாம். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிக்கொள்ளலாம். மேலே மழைக்கு ஒரு கூரை, பக்கவாட்டில் கொசுவலை, அதைத் திறந்து மூட ஒரு ஜிப்பு. வலை கிழிந்த இடங்களில் விற்றவர் கோணித்துணி வைத்துத் தைத்திருந்தார். கொசு உள்ளே வராது, பாம்பு உள்ளே வராது என்று சொல்லி விற்றாராம். உள்ளே போனவன் வெளியே வருவதைப் பற்றி இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

“தூளிதானேடா இது? இதுக்குப் போய்க் காசு குடுத்தியா?” என்றாள் அம்மா.

“ராணுவத் தூளி, அக்கா.”

ஒரு ராத்திரி காட்டில் தங்கிவிட்டு வரப்போவதாக மாமா சொன்னார். அப்பா பேப்பரை மடித்தார். “வீட்ல கட்டில் என்ன பாவம் பண்ணிச்சு மச்சான்?”

“ஒரு ராத்திரிதானேங்க, போய்ட்டு வரட்டும். அப்புறம் எங்க போகப்போறான்” என்றாள் அம்மா. மாமாவிடம், “தனியாப் போகாத, இவனக் கூட்டிட்டுப் போ” என்று என்னைத் துணைக்குச் சேர்த்துவிட்டாள். என்னை நம்பித்தான் மாமாவைக் காட்டுக்கு அனுப்புகிறாள் என்று நான் முழுமனதாக நம்பினேன்.

சைக்கிளில் போனோம். கேரியரில் தூளி, பாரில் நான். தூளி கட்ட இரண்டு மரங்கள் வேண்டும். வண்டலூர்க் காட்டிலோ முள்ளும் கிளாச்செடியும்தான் அதிகம். இருந்த மரங்களும் பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. முதலில் கட்டிய கிளை முறிந்தது. இரண்டாவது மரத்தில் முசுறு எறும்பு இருந்தது என்பதை என் முதுகு கண்டுபிடித்தது. மூன்றாவது இடத்தில் கயிறு நின்றது. மாமா ஏறினார். தூளி அவரை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிக் குப்புறக் கவிழ்த்தது.

“இதுக்கு ஒரு டெக்னிக் இருக்குடா” என்றார், தரையிலிருந்தே.

அந்த டெக்னிக் என் எடைக்குத்தான் ஒத்துவந்தது. பொழுது சாயும் நேரம் கொசு மொய்க்க ஆரம்பித்ததும் மாமா என்னைத் தூக்கி உள்ளே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். “டீ போடச் சுள்ளி பொறுக்கிட்டு வரேன். ஆடாமக் கெட” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடாமல் கிடந்தேன். என் கண்ணுக்கு நேராக இருந்தது கோணித்துணி. மாமாவின் காலடிச் சத்தம் தேய்ந்து நின்றது. அப்புறம் வேறு ஒரு சத்தம். கனமான மூச்சு. சருகு மிதிபடும் ஓசை. பிறகு கீழேயிருந்து ஏதோ ஒன்று என் முதுகைத் தொட்டு, மெதுவாக என்னைத் தூக்கியது.

தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கியது. ஜிப்பை இழுத்தேன், பாதியில் துணியைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தது. புலிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தின்பதற்கு முன்னால் எடை பார்க்கிறது என்றும் தோன்றியது. ஆபத்தில் மாதாவின் மங்கள வார்த்தைச் செபம் சொல்ல வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் வாயில் வந்ததோ சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற செபம். தந்த உணவுக்காக ஆண்டவருக்கு உரத்த குரலில் நன்றி சொன்னேன். அது எனக்காகச் சொன்ன செபம் இல்லை, புலிக்காகச் சொன்னது என்பது முடிக்கும்போதுதான் உறைத்தது. அதன்பிறகு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஏற்கெனவே பலித்த வேண்டுதல்.

“மாதாவே, காப்பாத்துங்க! நான் சாமியாராப் போறேன்! சத்தியமாப் போறேன்!”

இதைச் சிலமுறை சொன்னேன். காடு முழுக்கக் கேட்டிருக்கும். தூக்குவது நின்றது. மிக அருகில் ஒரு பெண்குரல் கேட்டது.

“யார்ரா அவன், துணிக்குள்ள பூந்துகினு கத்தறது? எரும முதுவு சொறிஞ்சிக்கினு கீது. அதுக்கா இந்தக் கூப்பாடு?”

அதே நேரம் மாமா மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தார். ஜிப்பு வரவில்லை. பேனாக்கத்தியால் பர்மாவைப் பிளந்து என்னை வெளியே எடுத்தார். எருமை ஒன்று என்னை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் கையில் குச்சியோடு ஒரு அம்மாள்.

“இன்னா சார், இத்தினிகூண்டு புள்ள சாமியாராப் போறன்றான்?” என்றாள் மாமாவிடம்.

“பயத்துல சொல்றான்மா.”

“அதுக்குன்னு? பெத்தவ காதுல வுழுந்தா வயிறு எரியாது?” என்று சொல்லிவிட்டு எருமையை ஒரு தட்டுத் தட்டி ஓட்டிக்கொண்டு போனாள்.

மாமா ஓடிவந்த வேகத்தில் கீழே போட்ட சுள்ளிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எனக்கு இப்போது புதுக்கவலை. எருமை போய்விட்டது, வேண்டுதல் போகவில்லை.

“மாமா, நான் உங்க கூடத் திங்கக்கெழம வரணுமா?”

“எதுக்கு?”

“மாதாகிட்ட சொல்லிட்டேனே. கேட்டிருப்பாங்க இல்ல?”

“கேட்டிருப்பாங்க.”

“அப்ப?”

“சிரிச்சிருப்பாங்க.” மாமா ஒரு சுள்ளியை உடைத்தார். “சின்னப் புள்ள பயந்துபோய் ஏதோ சொல்லிச்சு. அதப் புடிச்சு வெச்சுக்கிட்டு, நீ சொன்னியே, சொன்னியேன்னு...”

எனக்கு உறுதி போதவில்லை. “நெஜமாவே புலியா இருந்திருந்தா?”

மாமா எருமை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புலியா இருந்தாலும்தான்” என்றார்.

டீ போடவில்லை. கிழிந்ததைச் சுருட்டிக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். தூளி கிழிந்ததால்தான் திரும்புகிறோம் என்று நினைத்து, வழியெல்லாம் அந்த ஜிப்பைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா மாமாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து வெள்ளைச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “என்னடா அதுக்குள்ள?” என்றாள். மாமா பெட்டிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“எருமைக்குப் பயந்து இவன் சாமியாராப் போறேன்னு வேண்டிக்கிட்டான்க்கா.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “நீ என்ன சொன்ன?”

“சின்னப் புள்ள பயத்துல சொன்னது. மாதா அதத் தப்பா எடுத்துக்க மாட்டாங்கன்னு சொன்னேன்.”

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் இருந்த சட்டையைப் பெட்டியில் வைக்கவில்லை.

“ஒடம்பு அனலாக் கொதிச்சுதுடா” என்றாள்.

எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. முசுறு கடித்த தடிப்பு மட்டும்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

“தெரியும்க்கா.”

“எனக்கு வேற யாரக் கேக்கறதுன்னு தெரியல.”

“தெரியும்க்கா.”

“எத்தன நாளாடா இத மனசுல வெச்சிருக்க?”

“ரொம்ப நாளாச்சு.”

“சொல்லக் கூடாதா?”

“எப்படிக்கா சொல்றது? வாரா வாரம் சோறு போட்டுக்கிட்டே சந்தோஷமாச் சொல்ற.”

அம்மா அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாமா அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த அப்பா, என்ன ஏது என்று கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பெற்ற பிள்ளை சாமியாராகப் போவான் என்று அம்மா ஆசைப்பட்டிருக்கிறாள், மாமா அவசரப்பட்டு ரத்து செய்துவிட்டார் என்பதே என் முடிவு. ஒரு தியாகத்துக்குத் தயாராகி, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“அழாதம்மா. வேணும்னா நான் போறேன்.”

“வேண்டாம்” என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

என்மேல் இவ்வளவுதானா நம்பிக்கை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.