துடைத்து வைத்த டிஷ்வாஷர்

நான் பைக்கை நிறுத்தும்போது கோவிந்தன் மடியில் கயிற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கும் மெஷின்ல சூடு வரலன்னா மரவள்ளி ஏத்தற வண்டியிலயே கட்டி அனுப்பிடுவேன் சார். வாங்கன கடைக்கே போவட்டும்."

அவரும் மனைவி அலமேலுவும் வெள்ளிமலையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். பாத்திர சோப்பு ஒத்துக்கொள்ளாமல் அலமேலுவின் இரண்டு கையும் வெடித்து ரத்தம் கசியும். தொட்டித் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மகன் பாத்திரம் கழுவும் இந்த மெஷினை வாங்கி அனுப்பினான். ஒரு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் தண்ணீர் சூடாகவில்லை. தட்டெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு வெளியே வந்தன. மெஷின் போனால் அந்தக் கை மறுபடியும் தொட்டியில்தான்.

எனக்கு அது மூன்றாவது நடை. முதல் தடவை மீட்டர் வைத்து ஹீட்டருக்கு ஓம்ஸ் பார்த்தேன், சரியாக இருந்தது. சென்சாரும் சரி. காலியாக ஓட்டினேன், சூடு வந்தது. "ஒண்ணும் இல்லம்மா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் போன் வந்துவிட்டது. இரண்டாவது தடவை வோல்டேஜ் கம்மி என்று சொல்லி ஸ்டெபிலைசர் மாட்டவைத்தேன். காரணம் தெரியாத மெக்கானிக்குக் கரண்ட் ஆபீஸ்தான் துணை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் நானும் அந்தத் துணையைப் பலமுறை தேடியிருக்கிறேன்.

இந்தத் தடவை மெஷின் கதவைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது, எலுமிச்சம்பழ வாசனை வேறு. முன்பு வந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னாம்மா, இது தினமும் ஓடற மெஷின்தானா?"

"ஓடுதுண்ணா. நீங்க வர்றீங்கன்னு காலையில உள்ள எல்லாம் தேச்சித் தொடச்சி வச்சேன். அழுக்குல உங்கள கை வைக்கச் சொல்ல முடியுமா?"

மரியாதைக்குச் செய்தது. தடயமும் அதோடு போயிருந்தது. டூல் பெட்டியை மூடிவிட்டேன்.

"இன்னைக்கு நான் ஒண்ணும் தொடல. தினமும் எப்டி போடுவியோ அப்டியே போடும்மா. நான் சும்மா பாத்துக்கினு இருக்கேன்."

காலையில் சாப்பிட்ட தட்டுகளை அலமேலு அடுக்கினாள். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, பழுப்புத் தூளைக் கரண்டியால் அள்ளிப் போட்டாள்.

"அது இன்னா தூளு?"

"பூந்திக்கொட்டைண்ணா. மெஷினோட வந்த பவுடர் தீந்துபோச்சி, இங்க கெடைக்கல. சோப்பு ஆவாத என் கைக்கே இது ஆவுது. மெஷினுக்கு ஆவாதான்னு போட்டேன்."

ஐந்து நிமிடத்தில் பம்ப் கரகரவென்று காற்றை விழுங்க ஆரம்பித்தது. நிறுத்திக் கதவைத் திறந்தேன். மெஷினின் கழுத்து வரை நுரை. பம்ப் தண்ணீரைச் சீராகத் தள்ளி அழுத்தம் வந்தால்தான் இந்த மெஷினில் ஹீட்டருக்குக் கரண்ட் போகும். நுரையை இழுத்தால் அழுத்தம் ஏது? ஹீட்டர் தண்ணீரில்லாமல் எரிந்துவிடக் கூடாது என்று மெஷினே அதை நிறுத்திவிடுகிறது. நான் காலியாக ஓட்டியபோது தூள் போடவில்லை, அதனால்தான் அன்று சூடு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கோவிந்தன் மனைவியை முறைத்தார். "எல்லாம் இவ பண்ண வேலையா?"

"இல்லீங்க, எம்மேலதான் தப்பு. ரெண்டு வாட்டி வந்தும் இன்னா போடறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல."

நுரையை எடுத்துவிட்டு இரண்டு முறை வெறும் தண்ணீரில் ஓட்டினேன். பிறகு என் பையிலிருந்த, நுரைக்காத டிஷ்வாஷர் பவுடரைப் போட்டு, அதே தட்டுகளை அடுக்கி ஓட்டினேன். முடிந்து கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அலமேலு முந்தானையால் ஒரு தட்டைப் பிடித்து எடுத்தாள்.

"சுடுதுங்க," என்று புருஷனிடம் நீட்டினாள். அவர் விரலால் தேய்த்துப் பார்த்தார். பிசுக்கு இல்லை. எழுந்து போய்க் கயிற்றைக் கிணற்று வாளியில் கட்டிவிட்டு வந்து, எனக்கு இலை போட்டார். எனக்கும் சந்தோஷம்தான், சாப்பாடும் நன்றாக இருந்தது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மீட்டர் பழுதான பார்ட்டைக் காட்டும். பார்ட் நன்றாக இருந்தால், புழங்குகிறவரைக் கேளுங்கள், புழங்கும்போது பாருங்கள். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குக் கிளம்பினாலும் முதலில் போன் செய்து சொல்லிவிடுகிறேன்: "நான் வர வரைக்கும் மெஷின தொடைக்காதீங்க. அழுக்கா அப்டியே கெடக்கட்டும்."