நீர்க்கடுப்பு வந்த வாரம்

ஆறாம் வகுப்பில் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தேன். தண்ணீர் குடிக்காவிட்டால் பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போக வேண்டியதில்லை. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையில் கதவையும் மறுகையில் மூக்கையும் பிடித்துக்கொண்டு எத்தனை நாள்தான் போய்வருவது? அம்மா நிரப்பிக் கொடுத்த பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே ஒத்தக்கடை பஸ் ஸ்டாப் வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிடுவேன். கன்று நன்றாக வளர்ந்தது.

எனக்குத்தான் எரிய ஆரம்பித்தது. போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் மறுபடி போக வேண்டும். போனால் நாலு சொட்டு, அதுவும் நெருப்பாக. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"எம்புட்டு தடவைடி போவ? சூடுதான், வேற ஒண்ணுமில்ல" என்று அத்தை என் கால் கட்டைவிரல் நகங்களில் சுண்ணாம்பு தடவினாள். நகம் வெளுத்தது, எரிச்சல் அப்படியே இருந்தது. மறுநாள் காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிட, செத்துப்போய்விடுவேன் என்றே நம்பினேன். சிம்மக்கல்லில் ஒரு மொத்தக்கடையில் பில் போடும் அம்மா, லீவு சொல்லிவிட்டு என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அந்த டாக்டரம்மா சிறுநீரைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "சூடும் இல்ல, கீடும் இல்ல. மூத்திரப்பையில கிருமி. அடக்கி வச்சா அது அங்கேயே குடும்பம் நடத்தும். நிறையத் தண்ணி குடி, வந்தா உடனே போ. எரிச்சல் நின்னாலும் மாத்திரைய முழுசா முடிக்கணும்."

நான் வேப்பங்கன்று விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அம்மா திட்டவில்லை. கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து, "டாக்டர், பெரியவங்களுக்கும் இதே மாத்திரைதானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு."

"பாக்காமக் குடுக்க முடியாதும்மா. நேர்ல வரச் சொல்லுங்க. தள்ளிப் போட்டா கிட்னி வரைக்கும் போயிரும்."

"சொல்றேன் டாக்டர்."

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் காலி மனை, மறுபக்கம் சிமெண்டு குடோன். இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாளே என்று எனக்கு ஒரே கோபம். அம்மாவின் கடையில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடினாள். தூக்கம் வருகிறதாக்கும் என்று நினைத்துக் கோபத்தை ஒத்திவைத்தேன்.

"நீ தூங்கும்மா, ஸ்டாப்பு வந்தா எழுப்பி விடுறேன்" என்றேன்.