உப்புத்தோல் ஏற்றிய வண்டி

அப்பா இறந்த மறுநாள் எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை நிறுத்துவார்கள். போனில் முன்கூட்டியே செய்தி வந்துவிடும். மாதனூர் பக்கத்தில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் மாவு அரைப்பார்கள், மோட்டார் போடுவார்கள். சாவை அப்படித் தள்ளிவைக்க முடியாதே.

தம்பி மஸ்கட்டிலிருந்து வர வேண்டும். விமானம் மதியம் சென்னையில் இறங்கும், அங்கிருந்து கார். "நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்கக்கா. அப்பா மொகத்த ஒருவாட்டி பாக்கணும்" என்று போனில் அழுதான். சரி என்றேன். சித்திரை வெயில். வாடகை ஃப்ரீசர் பாக்ஸ் நிற்காமல் ஓடினால்தான் அந்த முகம் அவனுக்குக் கிடைக்கும்.

எனக்கு அழுகை வரவில்லை. ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸில் வேலை. மெஷின் நின்றால் லைனே கத்தும். நான் மட்டும் கத்தாமல் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கமோ என்னவோ. அப்பா போனபோதும் ஷிப்டில்தான் இருந்தேன். வந்ததிலிருந்து சர்டிபிகேட், சாமியானா, பாக்ஸ் என்று போனும் கையுமாகவே இருந்தேன். மனசு மரத்துப்போயிருந்தது.

ஒன்பது மணிக்குச் சொன்னபடி கரண்ட் போனது. மற்ற நாளில் இவ்வளவு ஒழுங்காக இருக்க மாட்டார்கள். பாக்ஸ்காரர் பதறவில்லை. அவர் வேனின் பின்பக்கம் இன்வெர்ட்டரும் தனியாக ஒரு பெரிய பேட்டரியும் இருந்தன. அங்கிருந்து வயர் இழுத்துப் பாக்ஸில் சொருகி, இன்ஜினை ஓடவிட்டார்.

"இன்ஜின் ஓடினாலே பின்னாடி பேட்டரிக்குத் தானா சார்ஜ் ஏறும்மா. சாயங்காலம் வரைக்கும் கவலயில்ல."

ஒரு மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஒப்பாரிக்கு நடுவே அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது போலிருந்தது. வெளியே போனேன்.

"பேட்டரி போய்டுச்சும்மா. ஒரே பேஜாரு. போன மாசந்தான் புதுசு போட்டேன். வேலூர்லேர்ந்து வேற கொண்டாரச் சொல்றேன்" என்றார்.

போன மாதம் போட்ட பேட்டரி அதற்குள் செத்தால், சாகடிப்பது வேறு எதுவோ என்று தோன்றியது. ஜெனரேட்டருக்கு ஏற்கெனவே அலைந்தாகிவிட்டது. ஊரெல்லாம் திருவிழா, ஒன்றும் மிச்சமில்லை. உள்ளே போய்க் கம்பெனிப் பையிலிருந்து வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்தேன். அம்மா பாக்ஸின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை.

"கண்ணாடி பனி பூத்துக் கெடக்குது, மொகமே தெரியல. கொஞ்சம் தொடச்சு வுடும்மா."

"தோ வர்றேன்மா" என்று வெளியே வந்துவிட்டேன்.

இன்ஜின் ஓடும்போது வேனின் சொந்த பேட்டரியில் மீட்டரை வைத்தேன். பதினான்கு புள்ளி ஒன்று. நல்ல சார்ஜ். பின்பக்க பேட்டரியில் பதினொன்று புள்ளி ஆறு. ஆக, முன்னால் இருப்பது பின்னால் வந்து சேரவில்லை. சிவப்பு வயரைப் பார்த்தேன், ஃப்யூஸைப் பார்த்தேன். இரண்டும் சுத்தம். பிறகு கறுப்பு வயர். அது பேட்டரியிலிருந்து நேராக வண்டியின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடிந்திருந்தது. மீட்டரின் ஒரு முனையை அந்தப் பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்தேன். ஒன்றுமே காட்டக் கூடாது. இரண்டரை வோல்ட் காட்டியது. கரண்ட் திரும்பிப் போகும் வழியில்தான் அடைப்பு.

அத்தை, அப்பாவின் அக்கா, வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"அப்பன் செத்துக் கெடக்கறான், இவ இன்னாடான்னா ஸ்பேனரத் தூக்கினு வண்டிக்கடியில குந்தினு கீறா! கல்லாடி உனுக்கு நெஞ்சு?"

 அவள் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது.

போல்ட்டைக் கழற்றினேன். மேலே பளபளவென்று பெயின்ட். அடியில் இரும்பு ஏடு ஏடாக உதிர்ந்தது, நடுவே வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

"இது முன்னாடி இன்னா வண்டிங்க?"

"பேரணாம்பட்டுலேர்ந்து உப்புத்தோல் ஏத்தினு இருந்த வண்டிம்மா. நல்லாக் கழுவி, பெயின்ட் அடிச்சித்தான் வாங்கனேன்."

உப்பைக் கழுவிவிட்டாராம்! அப்பா ஆயுசெல்லாம் தோல் பதனிடும் ஷாப்பில், கெடாமலிருக்க உப்பு தடவி வரும் உப்புத்தோல் இறக்கியவர். அவருடைய சைக்கிள் மட்கார்டு, வாட்ச் முதுகு, பெல்ட் பக்கிள், எதையும் உப்பு விடவில்லை. வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைப்பார், மறுவாரம் துரு வந்து நிற்கும். உப்பு எங்கே போய் ஒளியும் என்று தெரிந்துகொள்ள நான் படித்த டிப்ளமோ தேவையே இல்லை.

அந்தச் சட்டத்தில் இனி எதை முடுக்கினாலும் பிடிக்காது. முன் பேட்டரி மைனஸிலிருந்து பின் பேட்டரி மைனஸுக்கு நேராக வயர் இழுக்க வேண்டும், நீளமாக, தடியாக. தெருமுனை வெல்டிங் பட்டறையில் இருக்கும். கரண்ட் இல்லாததால் பட்டறைக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டுக்காரி என்பதால் உள்ளே கால் வைக்காமல் ரோட்டில் நின்று கேட்டேன். அவர் வெல்டிங் கேபிளைச் சுருட்டிக் கொண்டுவந்து, தானே என் தோளில் மாட்டிவிட்டார். 

இரண்டு முனையையும் முடுக்கினேன். பின்பக்க பேட்டரியில் மீட்டரை வைத்தேன், அதன் சின்னத் திரையில் எண்கள் ஏறின. பன்னிரண்டு, பதின்மூன்று, பதின்மூன்று புள்ளி எட்டு. கத்தல் நின்றது. பாக்ஸ்காரர் என்னைக் கும்பிட்டார். நான் வேனின் பின்படியில் உட்கார்ந்து, கரண்ட் வரும்வரை மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ டீ கொடுத்தார்கள், குடித்தேன்.

தம்பி சாயங்காலம் வந்து பாக்ஸின் மேல் விழுந்தான். முழங்கையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். "தூங்கற மாதிரியே இருக்காருக்கா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எடுக்கலாம் என்றார்கள். பாக்ஸ்காரர் என்னைப் பார்த்தார். நானே போய் ஸ்விட்சை அணைத்தேன்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. அரிசி போட்டேன். கண் அப்பா முகத்தில்தான் இருந்திருக்கும், ஆனால் கேபிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையோடு பெண்கள் நின்றுகொண்டோம். பட்டறைக்காரரிடம் கேபிளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பால் தெளித்த நாள் மத்தியானம், வீடு காலியான பிறகு, அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"எனுக்குக் கடைசி வரைக்கும் மொகம் தெரியவே இல்ல. எல்லாம் பொகை மாதிரிதான் இருந்துச்சு. நீ பாத்தியே, எப்டி இருந்தாரு?"

கண்ணை மூடிப் பார்த்தேன். பதினான்கு புள்ளி ஒன்று தெரிந்தது. பதினொன்று புள்ளி ஆறு தெரிந்தது. உதிர்ந்த இரும்பும் வெள்ளை உப்பும் அப்படியே தெரிந்தன. அப்பா முகம் வரவில்லை.

"தூங்கற மாதிரியே இருந்தாரும்மா" என்றேன்.

அம்மா மெதுவாகத் தலையாட்டினாள். "தம்பியும் அதத்தான் சொன்னான். அவன் அழுதுனே பாத்தான், அவனுக்கு இன்னா தெரியும்? நீ பாத்து சொன்னாதான் எனுக்கு நம்பிக்க."