கம்பிக் கூடு

எனக்குப் பேச்சு திக்கும். ககரத்தில் தொடங்கும் சொல்லென்றால் தொண்டையிலேயே நின்றுவிடும். நாங்கள் நடத்தியதோ கட்டுக்கம்பிக் கடை. விற்கிற சரக்கின் பெயரே வாயில் வராதவனை எப்படிக் கடையில் உட்கார வைப்பது?

சுதந்திரம் வந்த புதிதில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ராயபுரத்துக்குச் சித்தப்பாவோடு வந்தேன். அவர் கல்லாவில் இருந்தார். நான் பின்னால் கிடங்கில் கம்பிச் சுருள்களை வெட்டி, நிறுத்து, வண்டியில் ஏற்றுவேன். சித்தப்பா கடுமையானவர் அல்ல. “ஏலே, ஒனக்கு எதுக்கு அந்தச் செரமம்? நீ பின்னால இரி” என்பார். அந்தப் பரிவிலேயே வருஷங்கள் ஓடிப்போயின. கல்யாண வயது வந்த பிறகும் ஒரு நாளில் நான் பேசிய வார்த்தைகளை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

ஒரு ஞாயிறு மாலை, மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கம்பி கேட்டான். கொண்டுபோனேன். அங்கே ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்ததும் விளக்கை அணைத்தார்கள். படம் காட்டும் கருவியின் வெளிச்சத்தில், வேட்டி நிறைய ஒரு நாரை வந்து நின்றது. நான் கிளம்பவில்லை.

மாதம் ஒருமுறை அங்கே இப்படிக் கூட்டம் நடக்குமாம். நடத்தியவர் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். பறவை, நண்டு, சிப்பி, கழிமுகத்துச் செடி என்று மாதத்துக்கு ஒன்றை யாராவது பேசுவார்கள். கேட்க வருகிறவர்களில் ரயில்வே ஆட்கள் உண்டு, துறைமுகத்தில் பளு தூக்குகிறவர்கள் உண்டு, கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்காரும் மீன்கார அம்மா ஒருவரும் உண்டு. பார்ப்பதில் ஆசை இருந்தால் போதும், படிப்பை யாரும் கேட்கவில்லை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

கேட்கக் கேட்க, கிடங்குக்குப் பின்னால் நின்ற பூவரச மரத்தையும் நான் பார்க்கத் தொடங்கினேன். கோடையில் அதில் ஒரு ஜோடிக் காகம் கூடு கட்டியது. குச்சியைத் தேடி அவை எங்கும் போகவில்லை. நான் வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகளைத்தான் எடுத்தன. ஒரு துண்டைக் கவ்வும், தூக்கிப் பார்க்கும், நீளம் பிடிக்கவில்லை என்றால் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும். “காக்கா கூட ஓசியிலதாம்ல வாங்குது” என்று சித்தப்பா சலித்துக்கொண்டார். குஞ்சுகள் பொரித்தபோது அவற்றில் ஒன்றின் குரல் மட்டும் வேறாக இருந்தது. அது குயில் குஞ்சு. காகங்கள் அதற்கும் ஊட்டின.

எல்லாம் பறந்துபோன பின், ஆடிக் காற்றில் கூடு கீழே விழுந்தது. அதைச் சாக்கில் சுற்றி சிஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுக்க முழுக்கக் கம்பியால் ஆன கூடு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்க கெட்சுது அண்ணாச்சி?”

கையைக் காட்டி, திக்கித் திக்கி, எப்படியோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அடுத்த மாசம் நீங்களே இதப் பத்திப் பேசுங்க.”

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

“இன்னா பயம்? எங்களுக்கு இன்னா ரயிலா கெளம்பப் போவுது? நிதானமா சொல்லுங்க, நாங்க குந்திகினு கேக்குறோம்.”

அந்த மாதம் முழுவதும் போவதா வேண்டாமா என்றே இருந்தேன். ஆனாலும் போனேன். மேஜைமேல் கூட்டை வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். முதல் சொல்லே காக்கா. க... க... என்று நின்றுவிட்டேன். பின்னால் ஒருவன் சிரித்தான். பக்கத்திலிருந்தவர் அவன் தொடையில் ஒரு தட்டு தட்டினார். வேறு எங்கேயாக இருந்தாலும் இதற்குள் யாராவது அந்தச் சொல்லை எனக்காகச் சொல்லி முடித்திருப்பார்கள். அங்கே ஒருவரும் சொல்லவில்லை. காத்திருந்தார்கள். எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் “காக்கா” என்றேன். சிஸ்டர் தலையை அசைத்தார். அதன்பின் திக்கியபடியே ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

நான் நிறுத்தியதும் மீன்கார அம்மா எழுந்தார்.

“அண்ணாச்சி, அம்மாம் வெயில்ல கம்பி கொதிக்குமே, குஞ்சு பொசுங்கிப் பூடாதா?”

நான் நினைத்தே பார்க்காத கேள்வி. கூட்டைச் சாய்த்து உள்ளே காட்டினேன். தேங்காய் நார், கந்தல் துணி, தலைமயிர், எல்லாம் மெத்தைபோல் அழுந்திக் கிடந்தன. அவர் கிட்ட வந்து விரலை விட்டுப் பார்த்தார். “அட, நம்ம வூட்டுத் தொட்டில் கணக்கா கீதே!” என்றார். பிறகு எல்லோரும் பெஞ்சை விட்டு எழுந்து மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. அவர் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

“ஏலே, இம்புட்டும் நம்ம கடைக் கம்பியா?”

ஆமாம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவரும் நானும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். தெருமுனையில் நின்று, “ஒனக்கு இவ்வளவு சொல்லத் தெரியும்னு நான் நெனைக்கல” என்றார். அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது, கடையை மூடாமல் என்னைக் கல்லாவில் உட்காரச் சொன்னார். வியாபாரம் மெதுவாகத்தான் நடந்தது. வாங்க வந்தவர்கள் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

திக்கல் போகவில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்து மனிதர்கள் என் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அதற்கு என் நன்றியை அவர்களிடம் சரியாகச் சொன்னதே இல்லை. சொல்லத் தொடங்கினால் நேரமாகும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் எல்லோரும் ரயிலேறி எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போனோம். காலை வெளிச்சத்தில், தூரத்துச் சேற்றில் வெளிறிய சிவப்பாக ஏதோ அசைந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். “அ... அ... அங்கே!” என்று கத்தினேன். அத்தனை பேரின் தலையும் என் விரல் காட்டிய பக்கம் திரும்பியது. பூநாரைகள், கூட்டமாக. சிஸ்டர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். நாங்களும் பின்னால் இறங்கினோம்.