பச்சைப் பொட்டலமும் மழுங்கிய டூலும்

தைச்சுங் நகரத்தில் இரும்பு கடையும் சத்தம் கேட்காத தெரு குறைவு. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்து, லேத் என்னும் கடைசல் இயந்திரம் செய்யும் ஆலையொன்றில் பல வருஷம் வேலை பார்த்து, பிறகு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் துறைக்குப் பாடம் நடத்த வந்தவர் ஷென் பி-ஷியா. ஐம்பதை நெருங்கும்போது அவருக்கு ஒரு பிடிவாதம் வந்தது. தன் மாணவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவின் அடிப்படையைத் தானே சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக மகன் வயதுப் பிள்ளைகளோடு இணைய வகுப்பில் உட்கார்ந்து, கணக்கோடு மல்லுக்கட்டி, ஒருமுறை தேர்வில் கோட்டைவிட்டு, மறுமுறை தேறினார்.

கம்ப்யூட்டர் துறைத் தலைவர் லியென் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார்.

"ஸ்பேனர் பிடிக்கிற பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு மேடம்? எங்ககிட்ட விட்டுடுங்க, நாங்க பார்த்துக்கறோம்."

பி-ஷியா பதிலுக்குச் சிரித்துவைத்தார். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய முதல் வகுப்பில் யாரும் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. மேஜைமேல் லேத்தின் வெட்டுமுனையான டூல் சீவித் தள்ளிய இரும்புச் சீவலைக் கொட்டி, கூரான டூல் சீவியது எது, மழுங்கிய டூல் சீவியது எது என்று பிரிக்கச் சொன்னார். பசங்கள் மளமளவென்று பிரித்தார்கள்.

"எப்படித் தெரிஞ்சது?"

"பார்த்துப் பார்த்துப் பழகினதுதான் மேடம். மொண்ணையா இருந்தா சீவல் கருகி, பிஞ்சு பிஞ்சு வரும்."

"அதே மாதிரி கம்ப்யூட்டருக்கும் படத்தைக் காட்டிக் காட்டிப் பழக்கப்போறோம். இயந்திரக் கற்றல்னா இதுதான்."

"அப்ப சூத்திரம் கிடையாதா மேடம்?"

"இருக்கு. ரொம்ப சந்தோஷப்படாதீங்க."

மறு பருவத்தில் லியென் விஷயத்தை மேலிடத்துக்குக் கொண்டுபோனார். இந்தப் பாடம் தன் துறைக்கு வரவேண்டும் என்றார். டீன், லியென், ஆலையிலிருந்து ஓவ் என்ற பொறியாளர் ஆகிய மூவரும் வந்து மாணவர்களின் வேலையைப் பார்ப்பது, பிறகு முடிவெடுப்பது என்று ஏற்பாடாயிற்று. சரியாக வந்தால் பாடம் இங்கே. சொதப்பினால் லியெனுக்கு.

மாணவி லுவோ யென்-ச்சியும் அவள் தோழன் கூ மிங்-தேயும் செய்திருந்த வேலையைத்தான் பி-ஷியா நம்பியிருந்தார். லேத்துக்கு எதிரே ஒரு கேமரா. சீவலைப் பார்த்து டூல் கூரா மழுங்கலா என்று திரையில் சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. படங்கள் எடுத்தது மிங்-தே. பி-ஷியா ஒவ்வொரு படத்தையும் பார்த்திருந்தார்.

அன்றைக்கு லேத்தின் தலையில் வழக்கம்போலப் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. காலாவதியாகாத, பிரிக்காத, புதுப் பொட்டலம். அது இருந்தால்தான் இயந்திரம் சமர்த்தாக ஓடும் என்பது அந்த ஊரில் இயந்திரத்தோடு பழகும் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. பெரியவர்கள் வரும் நாளில் அதை எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

கூரான டூல் போட்டார்கள். திரை "கூர்" என்றது. ஓவ் தன் பையிலிருந்து தேய்ந்த டூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். லேத் கிறீச்சிட்டது, சீவல் கருகி விழுந்தது. அப்போதும் திரை "கூர்" என்றது. மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் "கூர்".

லியென் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தபடி இருமினார்.  எழுந்து போய் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பி-ஷியாவுக்குத் தோன்றியது. அதற்குள் யென்-ச்சி லேத் பக்கம் போய்விட்டாள்.

"ஒரு நிமிஷம் சார். கோளாறு எங்கேன்னு பார்க்கறோம்."

விளக்கை மாற்றினாள். "கூர்". கேமராவைத் துடைத்தாள். "கூர்". சீவல் தட்டைக் காலி செய்தாள். ஒன்றுமே இல்லாத தட்டைப் பார்த்தும் "கூர்" என்றது திரை. அவள் கொஞ்ச நேரம் லேத்தையே பார்த்தாள். பிறகு பொட்டலத்தை எடுத்தாள்.

"மழுங்கல்" என்றது திரை.

திருப்பி வைத்தாள். "கூர்". எடுத்தாள். "மழுங்கல்". டீன் வாய்விட்டுச் சிரித்தார். மிங்-தேயின் முகம் வெளுத்துப்போனது.

"மேடம், மொண்ணை டூல் போடறப்பல்லாம் நான்தான் அதை எடுத்து ஓரமா வெச்சேன்."

"ஏன்டா?"

"அது இருந்தா லேத் ஒழுங்கா ஓடிடுமே மேடம். அப்புறம் கெட்ட சீவலுக்கு எங்க போறது?"

ஓவ் தலையாட்டினார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. பி-ஷியாவுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. எல்லா லேத்திலும் இருக்கும் பொட்டலம் என்பதால் படங்களில் அது இருந்ததும் இல்லாததும் அவர் கண்ணில் படவே இல்லை.

"ஆக, டூலைப் பார்க்கக் கத்துக்கலை. நொறுக்குத்தீனியைப் பார்க்கக் கத்துக்கிட்டிருக்கு" என்றார் லியென்.

"ஆமா சார்" என்றாள் யென்-ச்சி. "தேநீர் குடிச்சு முடிங்க, வந்துடறோம்."

எல்லாப் படங்களிலும் பொட்டலம் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு, சீவலை மட்டும் வைத்துப் புதிதாகப் பழக்கினார்கள். தனியாக ஒதுக்கிவைத்திருந்த படங்களில் சோதித்தார்கள். பிறகு யென்-ச்சி பலகையில் இருந்த தொண்ணூற்றெட்டை அழித்து எண்பத்துமூன்று என்று எழுதினாள். 

"முன்னாடி போட்டது பொய் சார். இதுதான் நிஜம். வெளிச்சம் சாய்வா விழுந்தா இன்னும் தப்பு பண்ணும். அதையும் சரிபண்ணணும்."

பொட்டலத்தை வைத்தும் எடுத்தும் ஓட்டிக் காட்டினாள். இப்போது திரை அதைச் சட்டை செய்யவில்லை. தேய்ந்த டூலுக்கு "மழுங்கல்" என்றது.

ஓவ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க ஆலையில வெளியாளுங்க இப்படி ஒண்ணு மாட்டிட்டுப் போனாங்க. திடீர்னு உளற ஆரம்பிச்சுது. ஏன்னு கேட்டா, இன்னும் படம் அனுப்புங்கன்னாங்களே தவிர, ஒருத்தரும் லேத்துப் பக்கம் வரலை. உனக்கு யாரும்மா இப்படித் தேடச் சொல்லிக்கொடுத்தது?"

"லேத் நின்னுபோனா இப்படித்தானே சார் தேடுவோம், ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி. இதுவும் மெஷின்தான், பயப்படாம தேடுங்கன்னு மேடம் முதல் வாரமே சொல்லிட்டாங்க."

பி-ஷியாவுக்குக் கண் நிறைந்தது. மறைக்கவும் தோன்றவில்லை. சமாளிக்க எழப்போனது தான் என்பதும், உள்ளதைச் சொன்னது தன் மாணவி என்பதும் நினைவுக்கு வந்தபோது பெருமை இன்னும் கூடியது.

பாடம் இயந்திரவியல் துறையிலேயே இருக்கட்டும் என்று டீன் எழுதிக் கையெழுத்திட்டார். லியென் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மேடம், எங்க பசங்க கொஞ்சப் பேர் உங்க வகுப்புல வந்து உட்காரலாமா?"

"தாராளமா வரட்டும் சார்" என்றார் பி-ஷியா. "ஸ்பேனர் நாங்க குடுத்துடறோம்."